விழாத கோலுக்கு யார் பெயர்?

2010 ஜூலை 7 அன்று எங்கள் தென்னாப்பிரிக்க ஊரான டர்பனின் மோசஸ் மபிடா மைதானத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதின. அந்த ராத்திரியைப் பற்றி இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 73ஆவது நிமிடம், சாவியின் கார்னர், பூயோலின் தலை.

பூயோல் ஸ்பெயினின் சென்டர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். கோல் போடுவதற்காக அவரை யாரும் அணியில் வைத்திருக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் இதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 4 கோல் அடித்த ஜெர்மனி, அதன்பின் இங்கிலாந்துக்கு 4, அர்ஜென்டினாவுக்கு 4 என்று போட்டுவிட்டு வந்த ஜெர்மனி, அன்று ஒன்றுகூடப் போடவில்லை. (தாமஸ் முல்லர் தடையில் வெளியே உட்கார்ந்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்தத் தொண்ணூறு நிமிடக் காவல் யாருக்கும் நினைவில்லை. காவலை விட்டுவிட்டு அவர் எதிர்ப்பக்கம் ஓடிப்போன சில நொடிகள்தான் நினைவிருக்கிறது.

ஸ்பெயின் அந்தக் கோப்பையில் 7 ஆட்டம் ஆடி 8 கோல் போட்டது, 2 கோல்தான் வாங்கியது. அந்த இரண்டில் ஒன்று இதே டர்பனில் சுவிட்சர்லாந்திடம் வாங்கி, தோற்ற கோல். நாக் அவுட் ஆட்டங்கள் நான்கையும் 1-0 என்றே ஜெயித்தது. இப்படி ஒரு அணி கோப்பையைத் தூக்கினால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும்? தங்கப் பந்து உருகுவேயின் ஃபோர்லானுக்கு, அடுத்த இடங்கள் ஸ்னைடருக்கும் டேவிட் வியாவுக்கும். மூவரும் முன்னால் ஆடுகிறவர்கள். கோல் காக்கும் கோலி கசியாஸுக்குத் தங்கக் கையுறை என்று ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள்.

எங்கள் லீக்கில் வருஷா வருஷம் நடக்கும் சண்டையும் இதுவேதான், ஆட்டக்காரர்களுக்கு ரத்தமும் சதையும் இல்லை என்பதைத் தவிர. நாங்கள் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகள். இரண்டு பேர் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா. ஆளுக்கொரு கற்பனை அணி, தொடக்கத்தில் ஆட்டக்காரர் ஏலம், எல்லோருக்கும் ஒரே பட்ஜெட். ஆட்டத்தைக் கணினி ஆடும், எங்கள் கூட்டத்துப் பையன் எழுதிய புரோகிராமில். வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவுகள் வரும். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சனிக்கிழமை காலையிலும் வந்ததுண்டு. பாதிப் பேருக்கு வீட்டுத் தமிழ் தாத்தாவோடு நின்றுபோனது. ஆனாலும் விருது அறிவிக்கும் அன்று எல்லோர் வாயிலும் வருவது தமிழ்தான், அதிலும் அச்சில் ஏற்ற முடியாத தமிழ்.

போன சீசனில் பட்டம் வென்றது சாட்ஸ்வர்த் மாமா ஒருவரின் அணி. லீக்கிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணி. ஆனால் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்றாம் இடத்து அணியின் ஸ்ட்ரைக்கருக்குப் போனது. மாமாவின் சென்டர் பேக்குக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது மாமா போட்டது.

"கோல் போட்டவனுக்கு மாலை, கோல் விழாம பாத்தவனுக்கு மூலை. இதுக்கு எதுக்குடா ஓட்டு?" என்றார். அவர் கையில் இருந்த பன்னி சௌ, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது, ஆறிப்போனது.

இல்லாத ஆளுக்கு ஒரு விருது கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று வெளியாள் கேட்கலாம். அந்த விருது ஆட்டக்காரனுக்கு உரியது இல்லை, அவனைத் தேடி எடுத்தவரின் கண்ணுக்கு உரியது. அடுத்த ஏலத்தில் யாருக்கு என்ன விலை என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே மாமாவின் கோபம் விளையாட்டுக் கோபம் இல்லை. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓட்டுப் போட்டவர்களின் ரசனையைவிடக் கணினியின் பதிவேட்டில்தான் முதல் குற்றம் இருக்கிறது என்று தெரியும்.

இது போன்ற சிமுலேஷன் புரோகிராம்கள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன. கால்பந்தில் கோல் அபூர்வம். ஆட்டத்தில் ஒரு அணி எத்தனை கோல் போடும் என்பதைப் பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கால் ஓரளவு நன்றாகவே சொல்லலாம். 1982இல் மஹர் என்ற புள்ளியியலாளர் இதை ஒழுங்காக வரைந்து காட்டினார், 1997இல் டிக்சனும் கோல்ஸும் அதைச் செப்பனிட்டார்கள். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு எண்: தாக்குதல் பலம் ஒன்று, தடுப்பு பலம் ஒன்று (தடுப்பு நன்றாக இருந்தால் இந்த இரண்டாவது எண் சிறியது). என் தாக்குதல் எண்ணை உன் தடுப்பு எண்ணோடு பெருக்கி, சொந்த மைதானத்துக்கு ஒரு சலுகை சேர்த்தால், நான் உன்மேல் சராசரியாக எத்தனை கோல் போடுவேன் என்று வந்துவிடும். இந்தக் கணக்கில் இரண்டு எண்ணும் சரிசமம், ஓரவஞ்சனையே கிடையாது.

ஓரவஞ்சனை அடுத்த படியில் நுழைகிறது. கணினி முதலில் கோல் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். பிறகு அந்தக் கோலை யார் போட்டது என்று அணிக்குள் சீட்டுக் குலுக்கும். ஸ்ட்ரைக்கருக்கு நிறையச் சீட்டு, நடுக்களத்துக்குக் கொஞ்சம், சென்டர் பேக்குக்கு கார்னர் நேரத்தில் ஒன்றிரண்டு. ஒரு பெயர் வரும். பாஸ் கொடுத்தவருக்கு இன்னொரு சீட்டு, இன்னொரு பெயர். தடுப்பு எண் நன்றாக இருந்ததால் விழாமல் போன கோலுக்கோ குலுக்கலே கிடையாது. அது ஒரு 0. எந்தப் பெயருக்கு எதிரிலும் அந்த 0வை எழுத முடியாது. சீசன் முடிவில் நாங்கள் ஓட்டுப் போட உட்காரும்போது எங்கள் முன்னால் இருப்பது பெயர் உள்ள சம்பவங்களின் பட்டியல் மட்டும்.

அந்த 0வின் மதிப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரி 1.35 கோல் போடும் லீக் என்று வைத்துக்கொள்வோம். பெரிய லீக்குகளின் அளவு ஏறத்தாழ அதுதான். ஒரு ஆட்டத்தில் நீங்கள் கோலே வாங்கவில்லை என்றால், சராசரி முன்வரிசையை வைத்துக்கொண்டே உங்களுக்கு எதிர்பார்க்கத்தக்க புள்ளி 2.48 (ஜெயித்தால் 3, சமன் ஆனால் 1 என்ற கணக்கில்). சராசரி தடுப்பை வைத்துக்கொண்டு சரியாக ஒரு கோல் போட்டால் 1.13. இரண்டு போட்டால் 2.06, மூன்று போட்டால் 2.64. ஒரு கிளீன் ஷீட், அதாவது கோலே வாங்காத ஆட்டம், இரண்டு கோலுக்கு மேல், மூன்றுக்குக் கொஞ்சம் கீழ். ஸ்ட்ரைக்கர் இரண்டு போட்டால் அவர் படத்தைப் போட்டு வாட்ஸப்பில் சுற்றவிடுகிறோம். கிளீன் ஷீட்டுக்கு ஒரு கட்டைவிரல்.

அப்படியானால் கிளீன் ஷீட்டை எண்ணி விருது கொடுத்துவிடலாமே என்று லெனேசியா அண்ணன் ஒருவர் சொன்னார். நல்ல யோசனை போலத்தான் தெரியும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2018-19 சீசனில் லிவர்பூல் 38 ஆட்டத்தில் 22 கோல் வாங்கியது, ஆட்டத்துக்கு 0.58. அதே பாய்சான் கணக்கில் போட்டால் 21 கிளீன் ஷீட் வர வேண்டும். உண்மையில் வந்ததும் 21. 2004-05இல் செல்சி 15 கோல் வாங்கியது. கணக்கு 25 அல்லது 26 என்கிறது, நடந்தது 25. எத்தனை கோல் வாங்கினார்கள் என்பது தெரிந்தால் கிளீன் ஷீட் எத்தனை என்பது ஏறக்குறையத் தானாகவே தெரிந்துவிடுகிறது. அது அணியின் எண். நான்கு தடுப்பாட்டக்காரரும் கோலியும் அவர்களுக்கு முன்னால் நிற்கும் நடுக்களத்துக்காரரும் சேர்ந்து உண்ட சோறு. யார் பந்தியில் எவ்வளவு என்று அது சொல்லாது.

ஃபேன்டசி பிரீமியர் லீக், அதாவது நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு, ஆடுகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கே கிளீன் ஷீட்டுக்கு 4 புள்ளி, 60 நிமிடம் ஆடிய ஒவ்வொரு தடுப்பாட்டக்காரருக்கும் அதே 4. ஒருவர் உயிரைக் கொடுத்து ஆடியிருப்பார், பக்கத்தில் இருப்பவர் தூங்கியிருப்பார், இருவருக்கும் ஒரே கூலி. இது உறுத்தித்தானோ என்னவோ, 2025-26 சீசனிலிருந்து புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தடுப்பாட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் என்ற தடுப்பு வேலைகள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 புள்ளி. நடுக்களத்துக்காரருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் பந்து மீட்பையும் சேர்த்து 12.

வரவேற்கத்தக்கதுதான். தடுப்பாட்டத்துக்கும் தனி ஆள் கணக்கில் நேரடிப் புள்ளி வந்தது. ஆனால் யார் அந்தப் பத்தை எளிதாகத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். நாள் முழுக்க முற்றுகையில் கிடக்கும் பலவீனமான அணியின் சென்டர் பேக். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அணியின் சென்டர் பேக்குக்குப் பத்து வாய்ப்பே வராது. வீடு எரிந்தால்தான் தீயணைப்புக்காரருக்குச் சம்பளம் என்பது போன்ற ஏற்பாடு இது. நெருப்பே பிடிக்காமல் பார்த்துக்கொண்டவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

லிவர்பூலின் சென்டர் பேக் வான் டைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 2018-19 பிரீமியர் லீக்கில் ஒருவர்கூடப் பந்தை உருட்டிக்கொண்டு அவரைக் கடக்கவில்லை. இதில் பாதி அவர் தடுத்தது, மீதிப் பாதி எதிரணிக்காரர்கள் முயற்சியே செய்யாமல் பந்தை வேறு பக்கம் திருப்பியது. செய்யப்படாத முயற்சியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 2019இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் ஓட்டில் அவர் 679, மெஸ்ஸி 686. ஏழே புள்ளி. 1956இலிருந்து கொடுக்கப்படும் அந்த விருதை ஒரே ஒரு கோலிதான் வாங்கியிருக்கிறார், 1963இல் லெவ் யாஷின். தடுப்பாட்டக்காரர்களில் பெக்கன்பவர் இரண்டு முறை, சாமர் 1996இல், கன்னவாரோ 2006இல். 2024இல் ரோட்ரி வாங்கியபோது தடுப்பு நடுக்களத்துக்காரருக்குக் கிடைத்ததே என்று எங்கள் மாமா கேக் வெட்டினார்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் தருவது இங்கிலாந்து ஆட்டக்காரர் சங்கத்தின் விருது. ஆட்டக்காரர்களே ஆட்டக்காரர்களுக்கு ஓட்டுப் போடுவது. 1974இல் தொடங்கியது, முதலில் வாங்கியவர் நார்மன் ஹன்டர், தடுப்பாட்டக்காரர். அடுத்த ஆண்டு காலின் டாட், அவரும் அதே. பிறகு கோலி பாட் ஜென்னிங்ஸ். 1978இல் கோலி ஷில்டன். முதல் ஐந்து ஆண்டில் நான்கு பேர் பின்வரிசை! அதன்பின் இத்தனை காலத்தில் பாலிஸ்டர், மெக்ராத், டெர்ரி, வான் டைக் என்று நால்வர்தான். கோலி ஒருவர்கூட இல்லை. மனிதர்கள் பிறவியிலேயே கோலுக்குத்தான் மயங்குவார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நேரில் எதிர்த்து ஆடிப் பட்ட வலியை வைத்தே ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்ட காலம் அது. வாரம் முழுக்க கோல் துண்டுகளை மட்டும் வெட்டிக் காட்டும் திரைகள் பிறகுதான் பெருகின. இது என் ஊகம்தான். ஆனால் எங்கள் லீக்கிலும் முடிவுத்தாளில் கோல் போட்டவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் வருகிறது என்பதை நினைத்தால் ஊகம் பலப்படுகிறது.

கோலிகளின் நிலை இரண்டுக்கும் நடுவில். அவர்கள் வேலையில் ஒரு பகுதி சம்பவமாகப் பதிவாகிறது. தென்னாப்பிரிக்கக் கோலி ரொன்வென் வில்லியம்ஸை நம் நாட்டில் தெரியாதவர் இல்லை. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதி, கேப் வெர்டேவுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட், நான்கு தடுப்பு. அந்த சீசனில் நாட்டின் முதல்நிலை லீக்கான பிஎஸ்எல்லின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே வந்தது. 2012-13இல் கோலி குனேவுக்கும் வந்திருக்கிறது. பெனால்டியைத் தடுத்தால் அதற்கு நிமிடம் உண்டு, படம் உண்டு, சொல்லிக் காட்டக் கதை உண்டு. சரியான இடத்தில் நின்றதால் எதிரி அடிக்காமலே விட்ட ஷாட்டுக்கு அவை எதுவும் கிடையாது.

சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று தனி விருது வைத்துவிட்டால் போயிற்று என்று பெரும்பாலான லீக்குகள் கை கழுவுகின்றன. பிஎஸ்எல்லில் உண்டு, பலோன் டோர் விழாவிலும் 2019 முதல் கோலிகளுக்கு யாஷின் பெயரில் ஒன்று உண்டு. நாங்களும் வைத்தோம். அடுத்த சீசனில் பெரிய விருதுக்கு ஒரு தடுப்பாட்டக்காரர் பெயரைச் சொன்னால், "அதான் அவங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்கே" என்ற பதில் வந்தது. தனி, ஆனால் சமம் என்ற ஏற்பாட்டை எங்கள் தாத்தாமார் நிறவெறிக் காலத்து இந்த ஊர் பெஞ்சுகளிலேயே பார்த்தவர்கள். அதை நான் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

நிஜக் கால்பந்துக்குக் கிடைக்காத ஒரு வசதி சிமுலேஷன் லீக்குக்கு இருக்கிறது என்பதை நாங்கள் வெகுநாள் கவனிக்கவேயில்லை. வான் டைக் இல்லாமல் 2018-19 எப்படிப் போயிருக்கும் என்று லிவர்பூலால் ஆடிப் பார்க்க முடியாது. எங்களால் முடியும். அந்த சென்டர் பேக்கை எடுத்துவிட்டு, ஏலத்தில் யாரும் சீண்டாத ஒரு சாதாரண ஆளை அந்த இடத்தில் நிறுத்தி, சீசனை மறுபடி ஓட்டலாம். ஒரு தடவை ஓட்டினால் போதாது. 38 ஆட்ட சீசனில் ஒரு அணியின் புள்ளி அதிர்ஷ்டத்தாலேயே எட்டு எட்டாக ஏறி இறங்கும். ஆயிரம் தடவை அவரோடும் ஆயிரம் தடவை அவர் இல்லாமலும் ஓட்டிச் சராசரி பார்த்தால் அந்தத் தடுமாற்றம் அரைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். கணினிக்கு ஒரு தேநீர் நேரம்.

இதே உரைகல்லில் ஸ்ட்ரைக்கரையும் உரசிப் பார்க்க வேண்டும், இங்கேதான் கணக்கு நேராகிறது. 20 கோல் போட்டவர் பெயருக்கு எதிரில் 20 என்று எழுதுகிறோம். அவர் இல்லாவிட்டால் அந்த இருபதும் இல்லாமல் போயிருக்காது. சாதாரண ஆள் நின்றிருந்தாலும் பத்தோ பன்னிரண்டோ போட்டிருப்பார், ஏனென்றால் பந்து அந்த இடத்துக்கு வந்துகொண்டேதான் இருந்திருக்கும். அவர் உண்மையில் கூட்டியது எட்டோ பத்தோ. ஆட்டத்துக்கு 0.2 கோல் குறைக்கும் சென்டர் பேக் சீசனில் ஏழெட்டு கோலை விழாமல் செய்கிறார். இருவரும் அணிக்குத் தருவது ஏறத்தாழ ஐந்து புள்ளி. பழைய தாளில் 20க்கு 0 என்று தெரிந்தது இப்போது எட்டுக்கு எட்டு.

பையன் உடனே ஒரு ஓட்டையைக் காட்டினான், அவன் எழுதிய புரோகிராம் அல்லவா. "அண்ணே, நம்ம மெஷினுக்குள்ள தடுப்பு எண்ணே நாலு பேரோட ரேட்டிங் சராசரிதான். திருப்பி ஓட்டினா ரேட்டிங் அதிகமா இருக்கவன்தான் ஜெயிப்பான். அதுக்கு எதுக்கு ஆயிரம் தடவை?" என்றான். சரியான கேள்வி. மறு ஓட்டம் ஒருவரின் மதிப்பைச் சொல்லும், இந்த சீசனில் அவர் என்ன செய்தார் என்று சொல்லாது. ஸ்ட்ரைக்கரின் 20 கோலில் அதிர்ஷ்டம் பாதி இருந்தாலும் அவை நடந்தவை, விருது நடந்ததற்குத்தான். தடுப்பாட்டக்காரருக்கும் நடந்தது என்று ஒன்று வேண்டும்.

அதனால் புரோகிராமையே பிரித்து வேய்ந்தோம். இப்போது கணினி கோலை நேராகக் குலுக்காது. முதலில் வாய்ப்பு உருவாகிறதா என்று பார்க்கும். உருவானால் அதை எதிர்கொள்ள நிற்பவர் யார் என்று தடுப்பணிக்குள் சீட்டுப் போடும். அவர் தடுத்தால் அவர் பெயரில் பதிவு, எத்தனை ஆபத்தான வாய்ப்பு என்ற எடையோடு. கோட்டை விட்டாலும் அவர் பெயரில்தான். வாய்ப்பே உருவாகாத தாக்குதல்களை முழுப் பின்வரிசைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும், நின்ற இடத்தின் தரத்தைப் பொறுத்து. இந்தக் கடைசிப் பங்கீடு இன்னும் எனக்குத் திருப்தி தரவில்லை, கொஞ்சம் குத்துமதிப்புதான். ஆனாலும் "58ஆவது நிமிடம், தனியாக வந்த ஸ்ட்ரைக்கரை நிறுத்தினார்" என்று வெள்ளிக்கிழமைத் தாளில் கொட்டை எழுத்தில் ஒரு வரி வந்தபோது லீக்கே அதைப் பற்றிப் பேசியது.

ஃபுட்பால் மேனேஜர் போன்ற, கடையில் வாங்கும் கணினி விளையாட்டை வைத்து லீக் நடத்துகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, உள்ளே கை வைக்க முடியாது. பத்துக்கு இத்தனை என்று அது தரும் ஆட்ட மதிப்பெண்ணை அப்படியே விருதுக்கு எடுத்தால் பழைய கதைதான்; சென்டர் பேக் 7ஐச் சுற்றியே கிடப்பார், கார்னரில் தலையால் ஒன்று போட்ட அன்று மட்டும் மேலே குதிப்பார். அவர்கள் செய்யக்கூடியது, அவர் ஆடிய ஆட்டங்களிலும் ஆடாத ஆட்டங்களிலும் எதிரணிக்குக் கிடைத்த எதிர்பார்ப்பு கோலை (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்ற கணக்கை) அருகருகே வைத்துப் பார்ப்பது. காயம் பட்டு வெளியே உட்கார்ந்த வாரங்கள்தான் அவருக்கான சாட்சி.

இதையெல்லாம் முடித்துக்கொண்டு போன சீசனையே புதிய முறையில் ஓட்டிப் பார்த்தோம். மாமாவின் சென்டர் பேக் முதல் இடத்தில் வந்தார். விருது வாங்கிய ஸ்ட்ரைக்கர் நான்காவது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு நேராக சாட்ஸ்வர்த் வீட்டுக்குப் போனேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"தம்பி, இதை யார் யார்கிட்ட காட்டின?"

"இன்னும் யாருக்கும் இல்ல மாமா. முதல்ல உங்களுக்குத்தான்."

"அடுத்த மாசம் ஏலம். ஆறு வருஷமா பின்வரிசையைக் காய்கறி விலைக்கு வாங்கிட்டு இருக்கேன், எவனும் போட்டிக்கு வரமாட்டான்." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "விருதை அவனுக்கே குடுத்துடுங்க. நல்லாத்தான் கோல் போட்டான் பாவம்."